எச்டி பொக்ஸில் எஸ்டி சனல் மங்கலாகத் தெரியுது: குறை டிஷ்ஷிலா, பொக்ஸிலா, டிவியிலா?

லிந்துலை_43

எல்லாருக்கும் வணக்கம். 43 அங்குல ஃபுல் எச்டி டிவி, எச்டி பொக்ஸ், இடையில எச்டிஎம்ஐ வயர். எச்டி சனல்ல குறை சொல்ல ஒன்னும் இல்ல. எஸ்டி (பழைய சாதாரணத் தரம்) சனலுக்குப் போனா முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி இருக்கு. லோகோவைச் சுத்தி சின்னச் சின்னப் புள்ளி அலையுது. செய்தியில கீழ ஓடுற வரி விட்டு விட்டு நகருது. பழைய 21 அங்குல பெட்டி டிவியில, மஞ்சள் வயர்ல, இதே சனல் இதைவிட நல்லா தெரிஞ்சது. சிக்னல் குவாலிட்டி 80க்கு மேல காட்டுது. டிஷ்ஷைத் திருப்பணுமா, பொக்ஸை மாத்தணுமா? தங்க முலாம் பூசின எச்டிஎம்ஐ வயர் போட்டா சரியாகும்னு கடையில சொல்றாங்க. எஸ்டி படத்தை நல்லா காட்டுற பொக்ஸ் எதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஹட்டன்_டிஷ்காரர்

தம்பி, டிஷ்ஷைத் தொடாதீங்க. நல்லா நிக்கிற டிஷ்ஷைத் திருப்பிட்டு மறுபடி பிடிக்கிறதுதான் பெரிய வேலை.

டிஜிட்டல்ல சிக்னல் கூடினா படம் தெளிவாகும்ங்கிறது இல்ல. பிழை திருத்தம் வேலை செய்ற அளவுக்கு சிக்னல் வந்துட்டா 60லயும் 90லயும் ஒரே படம்தான், ஒரு புள்ளி கூட மாறாது. அந்த அளவுக்குக் கீழ போனா படம் கட்டம் கட்டமா உடையும், உறையும், சத்தம் வெட்டும். நீங்க சொல்றது அது இல்ல. பிரிச்சுப் பார்க்கிற வழி சுலபம். வானம் வெளுத்திருக்கிறப்பவும் அதே குறை இருந்து, சத்தம் சுத்தமா வந்தா அது அனுப்புற இடத்துல படத்தை அமுக்கினதால வர்றது. மழையோட வந்து மழையோட போனா அது சிக்னல்.

பனிமூட்டத்தை இங்க எல்லாரும் குத்தம் சொல்றாங்க. கே-யூ பேண்டுக்கு (நம்ம டிஷ் பிடிக்கிற அலைவரிசை) பனிமூட்டம் பெரிசா ஒன்னும் செய்யாது. வைகாசி, ஆனியில ஹட்டன், வட்டவளை பக்கம் அடிக்கிற மழைதான் செய்யும். அப்பவும் முதல்ல போறது பெரும்பாலும் எச்டி சனல். அது டிவிபி-எஸ்2, 8பிஎஸ்கேங்கிற புது அனுப்பு முறையில வரும். எஃப்இசி (பிழை திருத்தப் பங்கீடு) 3/4 இருந்தா இரைச்சலைவிட ஏறத்தாழ 8 டெசிபல் கூடின சிக்னல் வேணும். பழைய கியூபிஎஸ்கே முறையில வர்ற சனலுக்கு அவ்வளவு தேவையில்ல. அதனால மழையில எச்டி போய் எஸ்டி நின்னா பயப்பட வேண்டாம்.

மழை விட்டு ரெண்டு மணி நேரம் ஆகியும் சிக்னல் ஏறலேன்னா எல்என்பி (டிஷ் முன்னாடி நிக்கிற பெறுவி) மூட்டுல தண்ணி. எஃப் கனெக்டரை (வயர் முனையில இருக்கிற திருகு) கழட்டி நடுக்கம்பி பச்சை பிடிச்சிருக்கான்னு பாருங்க. பிடிச்சிருந்தா அந்த வயரை ஒரு அடி வெட்டி எறிஞ்சுட்டு புது கனெக்டர் போடுங்க. வயர் வீட்டுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி கீழ தொங்குற மாதிரி ஒரு வளைவு விடுங்க. தண்ணி அங்கேயே சொட்டிடும்.

தங்க முலாம் வயரை வாங்காதீங்க. எச்டிஎம்ஐ வயர் கெட்டா வெள்ளைப் பொறி பறக்கும், இல்ல படமே வராது. முகத்தை அது வழவழப்பாக்காது.

ஊவா_சிக்னல்

அண்ணன் சொன்னதோட கணக்கையும் சேர்த்துப் பாருங்க.

எஸ்டி படம் முழு அளவுல 720 × 576, அதாவது 4,14,720 புள்ளி. உங்க டிவி 1920 × 1080, அதாவது 20,73,600. சரியா ஐந்து மடங்கு. திரையில தெரியுற ஐந்து புள்ளியில நாலு, பொக்ஸோ டிவியோ கணக்குப் போட்டு நிரப்புனது. எல்லா சனலும் முழு 720 அகலத்துல அனுப்புறதும் இல்ல. 544 × 576, 480 × 576 ரெண்டும் சர்வசாதாரணம். அங்க நிரப்ப வேண்டியது இன்னும் கூடுது.

அடுத்தது பிட்ரேட், அதாவது செக்கனுக்கு எவ்வளவு தரவு வருதுங்கிறது. சிம்பல் ரேட் 29500, கியூபிஎஸ்கே, எஃப்இசி 3/4 உள்ள ஒரு டிரான்ஸ்பொண்டரை (செயற்கைக்கோள்ல பல சனலைச் சுமக்கிற ஒரு வழி) எடுத்துக்குங்க. 29.5 × 2 × 0.75 × 188/204 போட்டா செக்கனுக்கு 40.8 மெகாபிட் வரும். அதுல 20 சனலை ஏத்துனா ஒன்னுக்கு சத்தத்தையும் சேர்த்து சராசரி 2 மெகாபிட். டிவிடி படத்துக்கு 9.8 வரைக்கும் இடம் இருக்குங்கிறதை வச்சுப் பார்த்தா எம்பெக்-2ங்கிற பழைய அமுக்கு முறையில வர்ற சனலுக்கு 2 மெகாபிட் பட்டினிச் சோறு. கிரிக்கெட்ல கெமரா திரும்புறப்போ புல்தரை 16 × 16 கட்டமா மாறுறது அதனாலதான்.

அதே 2 மெகாபிட்ல எம்பெக்-4ங்கிற புது முறை சனல் நல்லாவே இருக்கும். ஆனா அதுக்கும் கீழ இறக்கினா கட்டம் வராது, வழவழப்பு வரும். எம்பெக்-4 டிகோடருக்குள்ளேயே கட்டத்தின் ஓரத்தைத் தேய்க்கிற வடிகட்டி இருக்கு. தோல், துணி நெசவு, தலைமுடி எல்லாம் அதுல கரையும். நீங்க சொன்ன மெழுகு முகம் இதுதான், எந்த பொக்ஸும் அதைத் திருப்பித் தர முடியாது. லோகோவைச் சுத்தின புள்ளியும் அமுக்குறப்ப வர்றதுதான். ஓடுற வரி விட்டு விட்டு நகர்றது வேற கதை. அதைச் சரி பண்ணலாம்.

கொட்டகலை_வயரிங்

அந்த வரிக்கு 10க்கு 9 தடவை காரணம் 60 ஹெர்ட்ஸ்.

நம்ம ஊர் (இலங்கை), இந்தியா ரெண்டுமே பால் (PAL) டிவி முறை. செக்கனுக்கு 50 அரைப்படம். வெளியில இருந்து வர்ற மலிவு பொக்ஸ் பலதும் 1080பி 60, இல்லேன்னா 720பி 60ல (பி-ன்னா முழுப்படம், 60ன்னா செக்கனுக்கு 60) செட் ஆகித்தான் வருது. 50ஐ 60 ஆக்கணும்னா ஒவ்வொரு ஐந்து படத்துக்கும் ஒன்னை ரெண்டு தடவை காட்டணும். செக்கனுக்கு பத்து தடவை தடுக்கும். முகத்துல தெரியாது. செய்தி வரியிலயும் கிரிக்கெட் பந்துலயும் உடனே தெரியும்.

மெனுவுல டிவி சிஸ்டம் அல்லது வீடியோ அவுட்புட்ங்கிற இடத்துக்குப் போங்க. 50ன்னு போட்ட ஒன்னைத் தெரிவு செய்ங்க. 'ஓட்டோ'வில விடாதீங்க. சில பொக்ஸ் ஓட்டோவில டிவி என்ன சொல்லுதோ அதைக் கேட்டு 60க்குப் போயிடும். டிவி ரிமோட்ல இன்ஃபோ அழுத்துனா என்ன வருதுன்னு டிவியே காட்டும், அதையும் பார்த்துடுங்க.

மஸ்கெலியா_மழை

ஊவா நண்பர் சொன்ன கணக்கு சரி. ஆனா 'எந்த பொக்ஸும் ஒன்னும் செய்ய முடியாது'ன்னு விடுறதுல எனக்கு உடன்பாடில்ல. ஒரே சனலை ரெண்டு பொக்ஸ்ல பார்த்தா வித்தியாசம் தெரியத்தான் செய்யும். அதுக்குக் காரணம் டீஇன்டர்லேஸிங்.

எஸ்டி படம் இன்டர்லேஸா வருது: ஒற்றைப்படை வரி 288 ஒரு தடவை, இரட்டைப்படை வரி 288 அடுத்த தடவை. எல்சிடி திரை ரெண்டையும் சேர்த்துத்தான் காட்டணும். ஒழுங்கான சிப், அசையாத இடத்துல ரெண்டையும் பின்னி முழு 576 வரியும் தரும், அசையுற இடத்துல மட்டும் ஒன்னை வச்சு நிரப்பும். மலிவு சிப் எல்லா இடத்துலயும் 288 வரியையே இழுத்து நீட்டிடும். அப்ப அசையாத எழுத்து கூட பாதித் தெளிவுலதான் இருக்கும், படுக்கைக் கோடு நடுங்கும். இன்னும் சிலது பின்னுறதை மட்டும் செய்யும். அப்ப அசையுற கையோட ஓரத்துல சீப்புப் பல் தெரியும்.

பார்க்கிறதுக்கு ரெண்டு இடம் போதும். செய்தி வாசிப்பவருக்குப் பின்னாடி அசையாம நிக்கிற படுக்கைக் கோடு, மேசை விளிம்பு மாதிரி. அது துடிச்சா 288 வரி நீட்டல். கீழ ஓடுற எழுத்தோட நிமிர்ந்த கால்ல ரம்பம் தெரிஞ்சா வெறும் பின்னல். சினிமாவுல இது குறைவா தெரியும். 24 படத்தை 25 ஆக்கி அனுப்புறதால ரெண்டு அரைப்படமும் ஒரே நொடித்துண்டைச் சேர்ந்தது. பின்னுனாலே சரியா வரும். அதனால பொக்ஸை ஒப்பிட சினிமா சனலை வைக்காதீங்க, செய்தியோ கிரிக்கெட்டோ வைங்க.

ஊவா_சிக்னல்

ஒத்துக்கிறேன், ஆனா அந்த வேலையை பொக்ஸ்தான் செய்யணும்னு இல்லையே. டிவிக்குள்ள இருக்கிற சிப் பெரும்பாலும் பொக்ஸ்ல இருக்கிறதைவிட நல்லது. பொக்ஸை 576 இன்டர்லேஸ்ல விட்டா பின்னுறது, பெருக்குறது ரெண்டையும் டிவி ஒரே தடவையில செய்யும்.

32 அங்குலம் வச்சிருக்கிறவங்க இதைக் கட்டாயம் கவனிங்க. அந்த அளவு டிவி நிறைய 1366 × 768 திரை. பொக்ஸ் 576ஐ 1080 ஆக்கி அனுப்பும், டிவி அதை 768க்கு இறக்கும். ஏத்தி இறக்குறதுல ஓரம் மழுங்கும். 720பி போட்டாலும் 720ஐ 768 ஆக்கணும். 576பி அனுப்புனா ஒரு தடவைதான் பெருக்கல்.

லிந்துலை_43

50க்கு மாத்தினதும் வரி ஒழுங்கா ஓடுது. நன்றி அண்ணே. 576 இன்டர்லேஸ் போட்டுப் பார்த்தா திரை கறுப்பாகி 'சிக்னல் இல்லை'ன்னு வருது. மெனுவும் தெரியல. எப்படித் திரும்புறது?

கொட்டகலை_வயரிங்

பொக்ஸ் கெடல, பயப்படாதீங்க. எச்டிஎம்ஐயில 25 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ அனுப்ப முடியாது. 576 இன்டர்லேஸ் வெறும் 13.5. அதனால ஒவ்வொரு புள்ளியையும் ரெண்டு தடவை அனுப்பி 27 ஆக்குவாங்க. சில டிவி இதை ஏத்துக்காது.

திரும்புறதுக்கு: மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைச் சொருகி டிவியை ஏவிக்கு மாத்துங்க, மெனு அதுல தெரியும். சில ரிமோட்ல படத்தின் அளவை மாத்த தனி பட்டன் இருக்கு, ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஐந்து செக்கன் விட்டு அழுத்துங்க. இனிமே அளவை மாத்துறப்ப மஞ்சள் வயரைச் சொருகி வச்சுட்டே மாத்துங்க.

திரும்பினதும் 576பி போடுங்க. அதுக்கு டிவி மறுக்காது. ஆனா 576பியில பின்னுறது பொக்ஸோட வேலை. மஸ்கெலியா சொன்ன சோதனையில உங்க பொக்ஸ் தோத்தா 1080 இன்டர்லேஸ் 50 போட்டுப் பாருங்க. அதுல கடைசிப் பின்னல் டிவி கையில போகும். கட்டணச் சேவை பொக்ஸ்ல 576 இன்டர்லேஸ் இல்லாமலே இருக்கலாம், அப்பவும் இந்த ரெண்டுக்குள்ளதான் தெரிவு. எச்டி சனலும் அதே பொக்ஸ்லதான் பார்ப்பீங்க. 576பியில விட்டுட்டு எச்டி சனல் மங்குதுன்னு தேடாதீங்க. சில பொக்ஸ்ல 'நேட்டிவ்'னு ஒரு தெரிவு இருக்கு, சனல் எந்த அளவோ அந்த அளவுலயே விடும். சனல் மாத்துறப்ப ரெண்டு செக்கன் கறுப்பாகும், அவ்வளவுதான்.

பண்டாரவளை_பனி

பின்னலைப் பத்தி பேசியாச்சு. டிவி பக்கத்தையும் பாருங்க. பாதிக் குறை அங்கதான்.

கடையில இருந்து வந்த டிவி பெரும்பாலும் 'விவிட்' அல்லது 'டைனமிக்'ல இருக்கும். ஷார்ப்னஸ் ஏத்தி வச்சிருக்கும். எஸ்டியில ஷார்ப்னஸ் ஏத்தினா இல்லாத விவரம் வராது. இருக்கிற கட்டமும் லோகோ புள்ளியும்தான் தடிச்சு எழும்பும். 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'மூவி'க்கு மாத்தி, எழுத்தைச் சுத்தி வெள்ளைக் கோடு மறையுற வரைக்கும் ஷார்ப்னஸை இறக்குங்க. எம்பெக் நொய்ஸ் ரிடக்ஷன், சாம்சங்ல டிஜிட்டல் க்ளீன் வியூன்னு இருக்கிறது, எம்பெக்-2 சனலுக்கு 'லோ'வில வைக்கலாம். எம்பெக்-4 சனல் ஏற்கனவே தேய்ஞ்சுதான் வருது, அதுக்கு மேல இதையும் போட்டா முகத்துல ஒன்னுமே மிஞ்சாது.

ஓவர்ஸ்கேனை நிறுத்துங்க. எல்ஜியில 'ஜஸ்ட் ஸ்கேன்', மத்ததுல 'ஸ்க்ரீன் ஃபிட்' மாதிரி பேர்ல இருக்கும். நிறுத்தாட்டி பொக்ஸ் பெருக்கினதை டிவி மறுபடியும் கொஞ்சம் பெருக்கி ஓரத்தை வெட்டும்.

4:3 சனலை இழுத்து திரை நிரப்பாதீங்க. ஆள் மூணுல ஒரு பங்கு குண்டாத் தெரியும். ஸூம் போட்டா இன்னும் மோசம். மேலயும் கீழயும் சேர்த்து கால்வாசி போய் 432 வரிதான் மிஞ்சும், அதை 1080க்கு இரண்டரை மடங்கு இழுக்கணும். ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தா இருக்கட்டும். பொக்ஸ்ல 16:9, பில்லர் பொக்ஸ். டிவியிலயும் 16:9. ரெண்டுலயும் ஒவ்வொரு மாதிரி வச்சா நாலு பக்கமும் கறுப்பு வந்து நடுவுல சின்னப் படம் நிக்கும்.

நிறத்துக்கு ஒரு சோதனை. எஸ்டிக்கு ஒரு நிறக் கணக்கு, பிடி 601. எச்டிக்கு வேற, பிடி 709. பொக்ஸ் படத்தை 1080 ஆக்கிட்டு நிறக் கணக்கை மாத்தாம விட்டா டிவி அதை எச்டின்னு நினைச்சுப் பிரிக்கும். அப்ப குங்குமச் சிவப்பு செம்மஞ்சள் பக்கம் சாயும், தேயிலைக் கொழுந்தோட இளம்பச்சை கருக்கும். ஒரே காட்சியை 576பியிலயும் 1080லயும் மாத்தி மாத்திப் பாருங்க. நிறம் மாறினா அந்த பொக்ஸ்ல எஸ்டியை 576லயே விடுறதுதான் சரி. டிவியில கலரைத் திருகி இதைச் சரி பண்ணப் போனா எச்டி சனல் கெடும்.

கறுப்பு சாம்பலா வெளுத்திருந்தா, இல்ல இருட்டுக் காட்சியில ஒன்னுமே தெரியலேன்னா, எச்டிஎம்ஐ பிளாக் லெவல் பொருந்தல. பொக்ஸ் 16ல இருந்து 235 வரைக்கும் அனுப்புது, டிவி 0ல இருந்து 255ன்னு எடுக்குது, இல்லேன்னா தலைகீழா நடக்குது. டிவியில 'லோ', 'நோர்மல்' ரெண்டையும் மாத்திப் பாருங்க.

லிந்துலை_43

அக்கா, ஷார்ப்னஸை இறக்கினதும் லோகோ புள்ளி பாதி அடங்கிருச்சு. பொக்ஸ் இப்ப 1080 இன்டர்லேஸ் 50ல நிக்குது, மேசை விளிம்பு துடிக்கல. ஆனாலும் பழைய பெட்டி டிவி நல்லா தெரிஞ்சதுன்னு வீட்ல சொல்றாங்களே, அது உண்மையா?

ஊவா_சிக்னல்

உண்மைதான், காரணமும் இருக்கு. பெட்டி டிவி இன்டர்லேஸை அப்படியே வரைஞ்சது, பின்னவும் இல்ல, பெருக்கவும் இல்ல. மஞ்சள் வயர் நுணுக்கத்தைக் கொஞ்சம் மழுக்குறதால லோகோ புள்ளியும் சேர்ந்து மறைஞ்சது. எல்லாத்துக்கும் மேல அளவும் தூரமும்.

நல்ல கண்ணுக்கு ஒரு பாகையில அறுபதுல ஒரு பங்கு வரைக்கும் பிரிச்சுத் தெரியும். 576 வரிக்கு அதைக் கணக்குப் போட்டா பட உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரம் வருது. அதைவிடக் கிட்டப் போனா வரியும் கட்டமும் கண்ணுல படும். 21 அங்குலப் பெட்டியில பட உயரம் 30 சென்டிமீட்டர், 6 அடியில உட்கார்ந்தா போதும். 32 அங்குலத்துக்கு 40 சென்டிமீட்டர், 8 அடி. 43க்கு 53.5 சென்டிமீட்டர், பத்தரை அடி. லயன் காம்பரா (தோட்டத்து வரிசை வீட்டு அறை) 10க்கு 12 அடி. சுவர்ல டிவியை மாட்டி எதிர்ச்சுவர்ல சாஞ்சு உட்கார்ந்தாத்தான் அந்தத் தூரமே கிடைக்கும். எச்டிக்கு மூணு மடங்கு சொச்சம் போதும்ங்கிறதால அதே இடத்துல எச்டி சனல் நல்லா தெரியுது. எஸ்டியே அதிகம் பார்க்கிற வீட்டுக்கு, அந்த அறைக்கு, 32 தான் என் தெரிவு.

ஹட்டன்_டிஷ்காரர்

இடையில ஒன்னு. பள்ளத்துத் தோட்டங்கள்ல சிலர் டிஷ்ஷை விட்டுட்டு என்டனாவுக்கே போகலாமான்னு கேட்கிறாங்க. பிதுருதலாகலை உச்சி 2,524 மீட்டர், அங்க இருந்து நேரா தெரியுற இடத்துக்கு ரூபவாஹினி (அரச டிவி) நல்லாவே வரும். மலை மறைச்ச இடத்துல எதிர்மலையில பட்டுத் திரும்புற அலையும் சேர்ந்து ஒவ்வொரு உருவத்துக்கும் வலப்பக்கம் நிழல் விழும். டிஷ்ல அந்த நிழல் வராது. இந்திய சனலுக்கு மலை தடையே இல்ல. கிழக்கு நெடுங்கோடு 93.5 பாகை செயற்கைக்கோள் இங்க இருந்து ஏறத்தாழ 73 பாகை உயரத்துல, கிட்டத்தட்ட தலைக்கு மேல நிக்குது. மேற்குப் பக்கம், கிழக்கு நெடுங்கோடு 45 பாகை செயற்கைக்கோளுக்குத் திருப்புற டிஷ்ஷுக்கு உயரம் ஏறக்குறைய 48 தான். அதுக்கு மேற்குப் பக்கம் சவுக்கு மரம், டர்பன்டைன் மரம் இல்லாத இடமாப் பாருங்க.

மஸ்கெலியா_மழை

லிந்துலைத் தம்பி, புது பொக்ஸ் வாங்கத்தான் போறீங்கன்னா கடைக்காரர் சொல்றதைக் கேட்டு வாங்காதீங்க. கடையில ஓடுறது எச்டி டெமோ. அதுல எல்லா பொக்ஸும் ஒரே மாதிரித்தான்.

இலவசமா வர்ற ஒரு எஸ்டி செய்தி சனலை உங்க பொக்ஸ்லயே பென் டிரைவ்ல ஐந்து நிமிஷம் பதிவு பண்ணுங்க. 2 மெகாபிட் சனல்னா மணிக்கு 900 மெகாபைட், ஐந்து நிமிஷம் 75 தான் வரும். பதிவான அந்த டிஎஸ் ஃபைல் டிஷ்ல வந்த அதே பிட்டுகள், ஒன்னும் மாறாது. கட்டண சனல் பூட்டோட பதிவாகும், வேற பொக்ஸ்ல ஓடாது, அதனாலதான் இலவச சனல்னு சொல்றேன்.

முதல்ல அதைக் கணினியில வீஎல்சி பிளேயர்ல திறந்து கோடெக் விபரத்தைப் பாருங்க. எம்பெக்-2வா எம்பெக்-4ஆ, 720ஆ 544ஆன்னு தெரியும். டீஇன்டர்லேஸை நிறுத்திட்டு ஆள் கை அசைக்கிற இடத்துல நிறுத்துங்க. சீப்புப் பல் தெரிஞ்சா உண்மையான இன்டர்லேஸ், சோதனைக்கு ஏத்தது. தெரியலேன்னா வேற நிகழ்ச்சி பதிவு பண்ணுங்க.

அப்புறம் பென் டிரைவோட கடைக்குப் போங்க. ஒவ்வொரு பொக்ஸோட யூஎஸ்பியிலயும் அதே ஃபைலை, அதே டிவியில, அதே எச்டிஎம்ஐ துவாரத்துல, 1080பி 50ல ஓட்டுங்க. 1080பியில பின்னுறது, பெருக்குறது முழுசும் பொக்ஸோட கையில இருக்கும், அதனால பொக்ஸுக்கு பொக்ஸ் வித்தியாசம் மறையாது. மேசை விளிம்பு, ஓடுற வரி, சிவப்பு நிறம், இந்த மூணையும் பாருங்க. மெனுவுல 576பி, 50 ஹெர்ட்ஸ், நேட்டிவ் இருக்கான்னு தேடுங்க. மூணும் இல்லாத பொக்ஸை எவ்வளவு மலிவா கொடுத்தாலும் விட்டுடுங்க. பென் டிரைவை ஃபேட்32ல ஃபோர்மட் பண்ணிட்டுப் போங்க. என்டிஎஃப்எஸ்ஸை சில பொக்ஸ் படிக்காது.